பழைய வாளி உப்பைப் பவளத் தொட்டிக்குப் பயன்படுத்துவது எப்படி?

சிங்கப்பூரில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் அதைக் கலைக்கிறார் என்று தெரிந்தால் போதும், பவளங்களுக்கு அன்றைக்கே ஆள் வந்துவிடும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்கும் விளக்குக்கும் விலை பேச ஆள் வரும். யாரும் கேட்காமல் கடைசியில் நிற்பது, தண்ணீரில் கரைத்துக் கடல்நீர் செய்வதற்கான உப்புக் கலவை இருக்கும் பாதி காலியான வாளிதான். அந்த வாளிகள் பெரும்பாலும் என்னிடம் வந்து சேர்கின்றன. வேலை மாறி ஊருக்குத் திரும்புகிறவர்கள், குழந்தை பிறந்து வீட்டில் இடம் போதாமல் போனவர்கள், மின்கட்டணத்தைப் பார்த்து மனம் மாறியவர்கள் என்று யாராவது ஒருவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். "அண்ணே, உப்பு ஒரு வாளி இருக்கு. எப்ப வாங்கினதுன்னே ஞாபகம் இல்ல. எடுத்துக்கிறீங்களா, தூக்கிப் போட்டுரவா?"

நான் திருப்பிக் கேட்பது, மூடி சரியாக மூடியிருந்ததா என்பதைத்தான். எத்தனை வருடம் ஆனது என்று கேட்பதில்லை. உப்புக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. ஈரம் புகுந்ததா, எவ்வளவு புகுந்தது என்பதுதான் கணக்கு. ஈரமே படாத உப்பு ஐந்து வருடம் கிடந்தாலும் புது உப்புக்குச் சமம். போன மாதம் வாங்கிய வாளியே மூடி திறந்து கிடந்திருந்தால் அது பழைய உப்புதான்.

வாளிக்குள் என்ன நடக்கிறது

பவளத் தொட்டி உப்பில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு, அதாவது நம் சமையல் உப்பு. அதனோடு மக்னீசியம் குளோரைடு, சல்ஃபேட் உப்புகள், கால்சியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, சோடியம் பைகார்பனேட் அல்லது கார்பனேட், கொஞ்சம் ஸ்ட்ரோன்ஷியம், போரேட், இன்னும் சில நுண்சத்துகள் இருக்கும். இதில் வில்லங்கம் பிடித்தவை கால்சியம் குளோரைடும் மக்னீசியம் குளோரைடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் சமையல் உப்பு கசிய ஆரம்பிக்கும். இந்த இரண்டும் 30, 33 விழுக்காட்டிலேயே காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கத் தொடங்கிவிடும். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதமே 80க்கு மேல். துணி அலமாரிக்குள் வைக்கிற, அடியில் தண்ணீர் சேரும் டப்பா தெரியும் அல்லவா? அதற்குள் இருப்பது இதே கால்சியம் குளோரைடுதான். மூடி சரியில்லாத உப்பு வாளியும் அந்த டப்பா செய்கிற வேலையைத்தான் உங்கள் வீட்டில் செய்துகொண்டிருக்கிறது.

தண்ணீர் சேர்ந்தால் எடை கூடும், கட்டி பிடிக்கும். அது மட்டும் என்றால் பிரச்சினையே இல்லை. அந்தக் கொஞ்ச ஈரத்திலேயே கால்சியமும் பைகார்பனேட்டும் கரைந்து, ஒன்றை ஒன்று பிடித்துக் கால்சியம் கார்பனேட்டாகிவிடுகிறது. இது சாதாரணமாகக் கடல்நீரில் திரும்பக் கரையாது. வாளியில் இருந்த கேஎச், அதாவது தண்ணீரில் கரைந்திருக்க வேண்டிய கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு, அந்தளவுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். கால்சியம் சல்ஃபேட், அதாவது ஜிப்சம், உருவாகியிருந்தால் கவலை இல்லை. நேரம் எடுத்தாலும் அது கரைந்துவிடும்.

ஆக, பழைய உப்பில் குறைவது முக்கியமாகக் கேஎச். அதைக் கண்டுபிடித்துச் சரி செய்ய முடிந்தால் உப்பு உபயோகமாகும். கீழே சொல்லப்போவது எல்லாம் இதற்காகத்தான்.

வாளியைத் திறந்து பார்ப்பது

முதலில் லேபிள். எந்த உப்பு என்று தெரியாத வாளியை நான் பவளத் தொட்டிக்கு எடுப்பதில்லை. ஏனென்றால் ஒவ்வொரு உப்புக்கும் இலக்கு வேறு. ரெட் சீ என்ற கம்பெனியின் நீல வாளி உப்பைக் கலந்தால் கேஎச் 8 பக்கம் வரும். அதே கம்பெனியின் கோரல் ப்ரோ 12 பக்கம் வரும். நீல வாளி என்று நினைத்து 8 வருகிறதே, நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுவீர்கள். உள்ளே இருப்பது கோரல் ப்ரோவாக இருந்தால் அது மூன்றில் ஒரு பங்கு கேஎச் தொலைந்துபோன உப்பு. வேறு வாளிக்கு மாற்றிக் கொட்டி வைக்கிற பழக்கம் பலருக்கு உண்டு, அதனால் கொடுப்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, வாளி எங்கே இருந்தது? வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறைதான் எல்லாருக்கும் கிடங்கு. உப்பு வாளிக்குப் பக்கத்திலேயே பெயின்ட், தின்னர், கொசு மருந்து, துணி சோப்பு எல்லாம் இருக்கும். உப்பில் சோப்பு வாசனையோ தின்னர் வாசனையோ வந்தால் மறுபேச்சில்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துருப்பிடித்த கரண்டி உள்ளேயே கிடந்து, உப்பில் செம்பழுப்புக் கறை படிந்திருந்தாலும் அப்படித்தான். துருவை விட அந்தக் கரண்டியின் பூச்சில் வேறு என்ன உலோகம் இருந்தது என்பதுதான் என் பயம். கொஞ்சம் செம்போ துத்தநாகமோ போதும், இறாலும் நத்தையும் தாங்காது.

இதெல்லாம் சரி என்றால் கையுறை போட்டுக்கொண்டு உப்பைக் கிளறிப் பாருங்கள். சரசரவென்று உதிர்ந்தால் அதிர்ஷ்டம். மேலே ஓடு கட்டி, உடைத்தால் உள்ளே உதிர்கிறதா? நான் அதிகம் பார்ப்பது இந்த வகைதான், தாராளமாகப் பயன்படுத்தலாம். வாளி முழுக்க ஒரே பாறையாக இறுகியிருந்தால் வேலை வாங்கும், ஆனால் முடியும். அடியில் உப்புநீர் தேங்கி, மேலே ஈரக் குழம்பாக இருந்தால் பவளத் தொட்டிக்கு அதை மறந்துவிடுங்கள். அந்த நீரில் இருப்பது பெரும்பாலும் கசிந்து இறங்கிய கால்சியம், மக்னீசியம் குளோரைடு. மேலே எடுத்த கரண்டியும் கீழே எடுத்த கரண்டியும் இரண்டு வேறு உப்புகளாக இருக்கும்.

உடைப்பதும் பிரிப்பதும்

கட்டியான வாளியிலிருந்து தேவைக்கு மட்டும் ஒரு துண்டை உடைத்து எடுத்துக் கலக்கக் கூடாது. கட்டிக்குக் கட்டி கலவை மாறும். வாளி முழுவதையும் ஒரே தடவையில் உடைத்து, ஒன்றாகக் கலந்து, பங்கு பிரித்து வைத்துவிடுவதுதான் வழி.

இதற்கு ஏர்கான் போட்ட அறை வேண்டும். இரவில் கதவை மூடி ஒரு மணி நேரம் ஓடவிட்டால் அறையின் ஈரம் நன்றாக இறங்கும், அப்புறம் வாளியைத் திறங்கள். பால்கனியில் வெயில் அடிக்கிறதே என்று அங்கே கொண்டுபோய்ப் பரப்பாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த ஊர்க் காற்றில் அது காய்வதற்குப் பதில் இன்னும் குடிக்கும். ஓவனில் வைத்துக் காயவைப்பது அதைவிட மோசம். சூட்டில் சோடியம் பைகார்பனேட் கரியமில வாயுவை விட்டுக் கார்பனேட்டாக மாறும். சூடு இன்னும் ஏறினால் ஈரம் பிடித்த மக்னீசியம் குளோரைடு ஹைட்ரோகுளோரிக் அமில ஆவியையும் விடும். ஈரத்தை எடுக்க முயல வேண்டாம், அளவில் அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

கட்டிகளைத் தடிமனான பிளாஸ்டிக் பைக்குள் போட்டு ரப்பர் சுத்தியலால் தட்டினால் போதும். பை இரண்டாக இருந்தால் நல்லது, ஒன்று கட்டாயம் கிழியும். மாவாக்க வேண்டியதில்லை, சுண்டைக்காய் அளவுக்கு வந்தால் போதும். எல்லாவற்றையும் வாளியில் கொட்டி, மூடி, தரையில் படுக்கவைத்து நாலைந்து நிமிடம் உருட்டுங்கள். கீழ் வீட்டுக்காரர் தூங்குகிற நேரத்தில் வேண்டாம்.

பிறகு எடை போட்டுப் பைகளில் பிரிப்பது. என்னுடையது மூன்றடித் தொட்டி, கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்ப்போடு சேர்த்து 200 லிட்டர் பக்கம். ஒரு தடவைக்கு 20 லிட்டர் மாற்றுகிறேன். அதனால் ஒரு பைக்கு 800 கிராம், ஜிப் பையில், காற்றைப் பிதுக்கி வெளியேற்றி மூடிவிடுவேன். சரியான எடை எது என்று இப்போதைக்குத் தெரியாது, சோதனைக்குப் பிறகுதான் தெரியும். முதலில் எல்லாம் ஒரே எடையாக இருந்தால் பிறகு கூட்டிக் குறைக்க எளிது.

சோதனைக் கலவை

ஒரு வாளிக்கு ஒரு சோதனை போதும், ஆனால் அதை ஒழுங்காகச் செய்யுங்கள். 10 லிட்டர் தண்ணீர், ஒரு சின்னப் பம்ப், தராசு, உப்புத்தன்மை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், கேஎச், கால்சியம், மக்னீசியம் டெஸ்ட் கிட்கள். இவ்வளவுதான் தேவை.

தண்ணீர் ஆர்ஓ-டிஐ ஆக, அதாவது சவ்விலும் டிஐ ரெசினிலும் வடிகட்டிய சுத்தத் தண்ணீராக இருக்க வேண்டும், கரைந்த பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 0 காட்ட வேண்டும். பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்த் தண்ணீரில் குளோரமின் போடுகிறது. அது சாதாரணக் குளோரின் மாதிரி ஓர் இரவு வைத்தால் பறந்துபோகாது. கார்பன் ஃபில்டர் அதை உடைத்தால் அமோனியா மிஞ்சும், அதை டிஐ ரெசின் பிடிக்க வேண்டும். சில உப்புகளில் விட்டமினும் உலோகத்தைக் கட்டுப்படுத்தும் பொருளும் சேர்த்திருப்பதாக வாளியில் போட்டிருக்கும். பழைய வாளியில் அதையெல்லாம் நம்பி, உப்பே தண்ணீரைச் சுத்தம் பண்ணிவிடும் என்று குழாய்த் தண்ணீரில் கலந்துவிட வேண்டாம்.

ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்ஓ தண்ணீரில் 0 வைத்துவிட்டு நம்பாதீர்கள். நமக்கு வேண்டியது, கடல்நீரின் அளவான 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) பக்கத்தில் அது சரியாகச் சொல்கிறதா என்பதுதான். கடையில் 35 பிபிடி திரவம் கிடைக்கும். இல்லையென்றால் வீட்டிலேயே செய்யலாம்: 36.5 கிராம் காய்ந்த சமையல் உப்பு, 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீர், நன்றாகக் கலக்கினால் அது ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி கடல்நீராகத் தெரியும். அளவு ஏன் 35 கிராம் இல்லை என்றால், வெறும் சோடியம் குளோரைடு ஒளியை வளைக்கிற விதமும் கடல்நீர் வளைக்கிற விதமும் ஒன்றில்லை.

இப்போது கலக்கலாம். தண்ணீரை முதலில் ஊற்றிப் பம்பை ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பைப் போட்டுவிட்டு அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் அடர்த்தி ஏறி, அங்கேயே கார்பனேட் கட்டி விழும். புது உப்புக்கே இது ஆகாது, பழசுக்குக் கேட்கவே வேண்டாம். தண்ணீர் 25, 26 டிகிரியில் இருந்தால் நல்லது. நம் அறை வெப்பம் 30ஐத் தொடும்போது கால்சியம் கார்பனேட் இன்னும் சுலபமாக வெளியே விழும், அது சூட்டில் கரைதிறன் குறைகிற உப்பு. நான் ஏர்கான் ஓடுகிற அறையில், மாலையில் கலக்குகிறேன். ஹீட்டர் போடவே வேண்டாம்.

சோதனைக்கு லிட்டருக்கு 38 கிராம், அதாவது 380 கிராம் போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து உப்புத்தன்மையைப் பாருங்கள். காய்ந்த உப்பாக இருந்தால் ஏறக்குறைய 35 வரும். 32 வந்தது என்று வைத்துக்கொள்வோம். 380ஐ 35ஆல் பெருக்கி 32ஆல் வகுத்தால் ஏறக்குறைய 415. ஆக, இந்த வாளிக்கு லிட்டருக்கு 41.5 கிராம் வேண்டும், நீங்கள் தூக்கி வந்ததில் எட்டு விழுக்காட்டுக்கு மேல் வெறும் தண்ணீர். மீதி 35 கிராமையும் போட்டு 35க்குக் கொண்டுவந்த பிறகுதான் டெஸ்ட் கிட்டைத் தொட வேண்டும். 32ல் எடுத்த அளவுகளை வாளியில் போட்டிருக்கும் அளவுகளோடு ஒப்பிட்டால் எல்லாமே குறைவாகத் தெரியும், உப்பு கெட்டுவிட்டது என்ற தப்பான முடிவுக்குத்தான் போவீர்கள். வாளியில் போட்டிருக்கும் அளவுகள் எந்த உப்புத்தன்மைக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் அளவுகள் என்ன சொல்கின்றன

கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்து விழும்போது ஒரு கணக்கோடுதான் விழும். கேஎச் 2.8 குறைந்தால் கால்சியம் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) குறையும். இந்த ஒரு விகிதம் தெரிந்தால் டெஸ்ட் முடிவுகளைப் படிப்பது சுலபம்.

வாளியில் கேஎச் 8, கால்சியம் 430 என்று போட்டிருக்கிறது. உங்களுக்கு 5ம் 410ம் வருகிறது. இது ஈரத்தால் வந்த இழப்பு, சந்தேகமே வேண்டாம். கால்சியத்தில் 20 குறைவதை நம் வீட்டு டெஸ்ட் கிட் பல சமயம் காட்டாது, அதன் பிழையே அவ்வளவு இருக்கும். ஆகவே கேஎச் மட்டும் நன்றாக இறங்கி, மற்றவை சரியாக இருப்பது போலத் தெரிந்தாலும் இதே நோய்தான்.

கேஎச் சரியாக இருந்து, கால்சியம் மட்டும் 60, 80 குறைவாக வந்தால் அது ஈரத்தின் வேலை இல்லை. உப்பு சரியாகக் கலக்கவில்லை, அல்லது டெஸ்ட் கிட்டின் ரீஏஜென்ட் பழசு. இரண்டாவதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். கேஎச், கால்சியம், மக்னீசியம் மூன்றும் ஒரே விகிதத்தில் குறைவாக இருந்தால் ரிஃப்ராக்டோமீட்டரைத் திரும்பப் பாருங்கள், உண்மையில் உப்புத்தன்மை 35 இல்லை.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? கலவையை ஓர் இரவு ஓடவிட்டுப் பம்பை நிறுத்துங்கள். புது உப்பில் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும் மங்கல், பழையதில் காலை வரைகூட நிற்கும். பிறகு அடியில் வெள்ளையாக ஒரு படலம் படியும். மேல் தண்ணீரை எடுத்துவிட்டு அந்தப் படலத்தைக் காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள். அதன் மேல் இரண்டு தடவை ஆர்ஓ தண்ணீர் ஊற்றி உப்பு போகக் கழுவிவிட்டு, தாளை விரித்துக் காயவிடுங்கள். விரலில் ஒட்டும் நைஸான வெள்ளைப் பொடியாக இருக்கும். அதன் மேல் ஒரு சொட்டு வினிகர். சின்னச் சின்னக் குமிழி விட்டுப் பொங்கி, பொடி கண்ணெதிரே கரைந்து மறைந்தால் அது கார்பனேட். உங்கள் தொலைந்துபோன கேஎச் அந்தத் தாளில்தான் இருக்கிறது. பொங்காமல் அப்படியே ஈரமாகக் கிடந்தால் ஜிப்சமோ, உப்பு கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்த்த ஏதோ ஒன்றோ, பொருட்படுத்த வேண்டாம்.

சிலர் இந்தக் கட்டத்தில் ஐசிபி பரிசோதனைக்கு, அதாவது தண்ணீரில் உள்ள தனிமங்களை ஆய்வகத்தில் அளப்பதற்கு, அனுப்பலாமா என்று கேட்பார்கள். அனுப்பலாம். சும்மா வந்த உப்புக்கு அவ்வளவு செலவு செய்வதற்குப் பதில் அந்தக் காசைப் புது உப்பில் போட்டுவிடலாம் என்பது என் கணக்கு.

சரி செய்வது

முதலில் ஒரு சமாதானம். கேஎச் 8 இருக்கும் தொட்டியில் 10 விழுக்காடு தண்ணீரை எடுத்துவிட்டு, கேஎச் 5 உள்ள தண்ணீரைச் சரி செய்யாமல் ஊற்றினால்கூடத் தொட்டி 7.7க்குத்தான் இறங்கும். தோல் பவளம், காளான் பவளம், ஜோவா மாதிரி எளிதில் வாடாத பவளங்கள் வைத்திருப்பவருக்கு இது ஒரு செய்தியே இல்லை. 30 விழுக்காடு மாற்றினால் 7.1. அப்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். மாற்றம் தாங்காத அக்ரோபோரா பவளம் வைத்திருந்து, கேஎச்சை ஒரே கோட்டில் நிறுத்தப் பாடுபடுகிறவர் என்றால் கட்டாயம் சரி செய்துதான் ஊற்ற வேண்டும். ஒவ்வொரு வாரமும் குறைந்த தண்ணீரே போனால் தினமும் சத்து ஊற்றும் டோசிங் பம்பின் கணக்கும் குழம்பிப்போகும்.

கேஎச் ஏற்ற, மளிகைக் கடையில் கிடைக்கும் ஆப்பச் சோடாவே போதும். அது சுத்தமான சோடியம் பைகார்பனேட்தான் என்று பாக்கெட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பேக்கிங் பவுடர் கூடவே கூடாது. அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும், பாஸ்பேட்டும் இருக்கலாம். 100 லிட்டரில் கேஎச்சை 1 ஏற்ற 3 கிராம். எனக்கு 20 லிட்டரில் 5லிருந்து 8க்குப் போக வேண்டும் என்றால் 1.8 கிராம். கரண்டிக் கணக்கு சரிப்படாது, நகை நிறுக்கிற மாதிரிச் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கால்சியத்துக்குக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், உணவுத் தரத்தில் அல்லது மீன்தொட்டிக்கென்றே விற்பதில் வாங்குங்கள். 100 லிட்டரில் 10 பிபிஎம் ஏற்ற 3.7 கிராம். மக்னீசியத்துக்கு மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட், 10 பிபிஎம்முக்கு 8.4 கிராம். மேலே சொன்ன அலமாரி டப்பாவிலிருந்து கால்சியம் குளோரைடை எடுக்கலாமா என்று ஒருவர் என்னிடம் நிஜமாகவே கேட்டார். வேண்டாம். அதில் வாசனை சேர்த்திருப்பார்கள், தரமும் தெரியாது.

பெரும்பாலும் கேஎச் மட்டும்தான் தேவைப்படும். மூன்றும் வேண்டியிருந்தால் மக்னீசியம் முதலில், பிறகு கால்சியம், நன்றாகக் கலந்து அரை மணி நேரம் ஆன பிறகு கடைசியில் சோடா. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பையில் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து, பம்பின் ஓட்டத்துக்கு முன்னால் மெல்ல ஊற்றுங்கள். கால்சியமும் சோடாவும் அடர்த்தியாகச் சந்தித்தால், வாளிக்குள் நடந்த அதே கூத்து இப்போது உங்கள் கையால் நடக்கும்.

சோடா போட்டதும் பிஎச் கொஞ்சம் இறங்கினால் பதற வேண்டாம். பம்ப் தண்ணீரின் மேல்மட்டத்தைக் கலக்கும்படி வைத்து ஓர் இரவு ஓடட்டும், 8.1, 8.2க்கு வந்துவிடும். ஏர்கான் போட்டு மூடிய படுக்கையறையில் கலக்கினால் 7.9க்கு மேல் ஏறாமல் நிற்கும். அதற்குக் காரணம் உப்பு இல்லை, அறைக்குள் நாம் விடும் மூச்சு. கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள்.

தொட்டியில் ஊற்றும்போது

கேஎச் ஒருமுறை சரி செய்த பிறகு அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் பொடியைத் தொட்டிக்குள் விடக் கூடாது. ஒரு பிடிப் பொடியால் மீன் செத்துவிடாது, ஆனால் அந்தத் துகள்கள் மேலும் கார்பனேட் படிய இடம் கொடுக்கும், பம்பின் இம்பெல்லரிலும் ஒட்டும். பம்பை நிறுத்தி ஒரு மணி நேரம் அடங்கவிட்டு, குழாயை மேல்மட்டத்தில் வைத்து உறிஞ்சுங்கள். அடியில் இரண்டு விரற்கடை தண்ணீரை அப்படியே விட்டுவிடுங்கள். குழாய் முனையில் ஃபில்டர் பஞ்சு சுற்றிவிட்டால் இன்னும் நல்லது. ஊற்றுவதற்கு முன்னால் அமோனியாவையும் ஒரு தடவை பார்த்துவிடுவேன்.

கேஎச் அதிகமுள்ள உப்புகளை நாள்கணக்கில் கலக்கிக்கொண்டே வைக்க வேண்டாம். கோரல் ப்ரோ மாதிரியானவை புதிதாக இருந்தாலே நேரம் ஆக ஆக கார்பனேட்டை உதிர்க்கும். அப்படிப்பட்ட பழைய வாளி என்றால் நான் கலந்த அன்றே டெஸ்ட் செய்து, அடுத்த நாள் காலைக்குள் ஊற்றிவிடுவேன். கேஎச் குறைந்த உப்பு ஒரு வாரம்கூட மூடி வைத்தால் நிற்கும்.

அக்ரோபோரா தொட்டிக்கு வேறு ஒரு வழியும் உண்டு. பாதி பழைய உப்பு, பாதி புது உப்பு. பொடியாகக் கலக்காமல், இரண்டையும் தனித்தனியாக 35க்குக் கரைத்து, தெளிந்த பிறகு சேர்க்க வேண்டும். கேஎச் குறைவும் பாதியாகிவிடும், நுண்சத்துகளில் ஏதாவது ஏறுமாறு இருந்தாலும் பாதியாகிவிடும். வாளி தீர நாளாகும், அது பரவாயில்லை.

மிச்சத்தை வைப்பதும், ஆகாததை என்ன செய்வதும்

ஜிப் பைகளை மூடி இறுகுகிற வாளிக்குள் போட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து சேர்த்து வைக்கிறேன். கால்சியம் குளோரைடு டப்பாவை உள்ளே வைக்காதீர்கள், அது கவிழ்ந்தால் அவ்வளவும் உப்பில். பாம் ஷெல்டர் தரையில் நேரே வைக்காமல் பலகை மேல் வைப்பது நல்லது, சலவை இயந்திரம் இருக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். வாளியின் மேல் மாஸ்கிங் டேப்பில் இவ்வளவு எழுதி ஒட்டிவிடுவேன்: உப்பின் பெயர், லிட்டருக்கு எத்தனை கிராம், 20 லிட்டருக்கு எவ்வளவு சோடா. மூன்று மாதம் கழித்து எடுக்கும்போது மறுபடி சோதனைக் கலவை போட வேண்டியதில்லை, கேஎச் மட்டும் பார்த்தால் போதும்.

குழம்பான உப்பையும் குப்பையில் போட வேண்டியதில்லை. மீனுக்கு உணவாகும் ஆர்ட்டீமியா என்ற சின்ன இறாலின் முட்டை பொரிக்க 25 பிபிடி போதும், கொஞ்சம் ஆப்பச் சோடா சேர்த்தால் நன்றாகவே பொரியும். தொட்டிக்கான கல்லில் பாக்டீரியா வளர, இருட்டு டப்பாவில் அதைப் பக்குவப்படுத்தவும் இந்த உப்பு ஆகும், ஏனென்றால் அங்கே பாக்டீரியாவுக்குத்தான் வேலை, பவளத்துக்கு இல்லை. புது மீனைத் தனிமைப்படுத்தி வைக்கும் தொட்டிக்குக் கேஎச்சை மட்டும் 7, 8க்கு ஏற்றிக்கொண்டு பயன்படுத்தலாம். வாசனை வந்தது, துரு பிடித்தது, பெயர் தெரியாதது மட்டும் இதில் எதற்கும் வேண்டாம். அவற்றைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். புளோக்கின் கீழே இருக்கும் செடிகளுக்குப் பக்கத்தில் கொட்டிவிடாதீர்கள், பட்டுப்போய்விடும்.